வேலியோரம் இறக்கிய சுமை

தேயிலை விலை விழுந்து, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷம் அது. குறைத்த ஆட்களில் நாங்களும் இருந்தோம். என் வீட்டுக்காரர் மாயாண்டி யார் யார் காலையோ பிடித்து, லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டு வந்தார். ஆனி மாதத்துப் பெருங்காற்று அடித்து ஓய்ந்த பிறகு சட்டி பானையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தோம். எனக்கு அப்போது ஐந்து மாதம்.

அது மூன்றாவது. முதல் இரண்டும் ஏழாம் மாதத்தில் போய்விட்டன. முதலாவதற்கு அழுதேன். இரண்டாவதற்கு அழுகை வரவில்லை. லயத்துப் பெண்கள் அழுததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு எனக்குள் எதுவோ மரத்துவிட்டது. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்தபோது மாயாண்டி மாரியம்மன் கோயிலுக்கு ஓடினார். நான் அடுப்பிலிருந்த தேத்தண்ணிக் கேத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதம் தாண்டட்டும், பிறகு பார்க்கலாம் என்பதற்கு மேல் மனம் ஓடவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளை உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுக்குக் கிடைத்தது. கடைசிக் காம்பராவில் குளிர் அதிகம், ஆனால் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கும். முன்பு குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன உருளைக்கிழங்கும் கோவா என்கிற முட்டைக்கோசும் அதில் அப்படியே நின்றன. நிலம் முடிகிற இடத்தில் செங்குத்தான பள்ளம். பள்ளம் முழுக்கக் காடு. அடியில் ஓடை ஓடுகிற சத்தம் மட்டும் மேலே வரும். அந்தப் பக்கமிருந்து மனிதர் ஏறி வரப் பாதை கிடையாது. காட்டுப்பன்றிக்குப் பாதை தேவையில்லை.

காற்றில் ஒரு சவுக்கு மரம் சாய்ந்து வேலியை அமுக்கிப் போட்டிருந்தது. நாங்கள் வந்த அன்றே பன்றி புகுந்து கிழங்கைக் கிண்டிவிட்டுப் போனது. மறுநாள் கோவாவையும் மிதித்தது. அரைவயிற்றுக் காலத்தில் அந்தத் துண்டு நிலம்தான் எங்களுக்குப் பெரிய சீமை. வேலியைப் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மாயாண்டி கிளம்பினார்.

தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய்க் கேட்டதற்கு, கிளையை எடுத்துக்கொள், அடிமரம் தேயிலை ஸ்டோருக்கு விறகாகப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சவுக்குக் கிளை இரண்டு மழைக்குத் தாங்காது. பள்ளத்துப் பக்கம்தான் பன்றி முட்டும். அங்கே மட்டுமாவது வைரம் பாய்ந்த மரம் வேண்டும்.

மாயாண்டிக்கு ஒரு குணம். சும்மா கிடக்கிற சாமானைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. ஆணி, லாடம், அறுந்த கம்பி, எது கிடந்தாலும் மடியில் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே போனவர் தோளில் மரத்தோடு வந்தார். தலையில் கவை உள்ள, நட்டு நிறுத்துகிற மரங்கள் இரண்டு. அவற்றின்மேல் கிடத்துகிற குறுக்குமரம் ஒன்று. கொழுந்து மலைக்குப் போகிற குறுக்குப்பாதை வளைவில் விழுந்து கிடந்தனவாம்.

"என்னங்க, சுமை எறக்கி வைக்கிற மரம் மாதிரி இருக்கே?" என்றேன்.

"மாதிரி என்ன, அதேதான். காத்துல விழுந்து கெடக்கு, ஒருத்தனும் சீந்தல. அப்படியே விட்டா கரையான் திங்கும்."

"சுமைதாங்கிய எடுக்கலாமா?"

"அட போ புள்ள. அது கல்லுல இருந்தாத்தான். இது வெறும் மரம். யாரோ மெலாறு வெறகு எறக்கி வைக்க நட்டிருப்பான்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், வழியோரத்தில் அவள் பேரில் கல் சுமைதாங்கி வைப்பார்கள். அவள் இறக்காமல் கொண்டுபோன சுமை, வழிப்போக்கர் தங்கள் சுமையை அதில் இறக்கி வைக்க வைக்க, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பது நம்பிக்கை. கல்லாக இருந்தால் செத்தவளுக்கு, மரமாக இருந்தால் சும்மா வழியில் போகிறவனுக்கு என்பது மாயாண்டியின் கணக்கு. கல்லுக்கு வழியில்லாதவன் என்ன செய்வான் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

குறுக்குமரத்தின் மேல்பக்கம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. வெடிப்புகளில் மஞ்சள் ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டிக் காட்டினேன்.

"பொம்பளைங்க கை வைக்கிற எடம். மஞ்சள் இருக்காம மசாலாவா இருக்கும்?" என்று சிரித்தார்.

நானும் விட்டுவிட்டேன். எதையும் பிடித்து யோசிக்கிற தெம்பு அப்போது எனக்கில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் வேலி எழுந்துவிட்டது. மூன்று பக்கம் சவுக்குக் கிளை. பள்ளத்துப் பக்கம் அந்த இரண்டு மரங்களை நட்டு, வேலி மட்டமாக இருக்க வேண்டும் என்று அவற்றின் கவைகளை அறுத்துத் தள்ளினார். குறுக்குமரத்தை மேலே கிடத்தாமல் பக்கவாட்டில் வைத்துக் காட்டுக்கொடியால் கட்டினார். கட்டி முடித்து இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார்.

"பாத்தியா? எமனே வந்தாலும் அசைக்க முடியாது."

இப்படிப் பேசக்கூடாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பசித்தது, சோறாக்கப் போய்விட்டேன்.

பக்கத்துக் காம்பராவில் நாகலெட்சுமி அக்கா இருந்தாள். நாங்கள் வந்த முதல் நாளே நெருப்பும் உப்பும் கொடுத்தவள், வாய் ஓயாதவள். லயத்தில் யார் வீட்டுக் குழம்பும் அவளைக் கேட்காமல் கொதிக்காது. வேலி போட்ட மறுநாள் சாயங்காலம், கிண்ணத்தில் ரசம் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். வரும்போதே என்னவோ சொல்லிக்கொண்டு வந்தவள் பாதிப் பேச்சில் நின்றுவிட்டாள்.

அவள் கண் வேலியில் இருந்தது. அங்கிருந்து என் வயிற்றுக்கு வந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. ரசத்தைச் சூடா குடி." கிண்ணத்தை என் கையில் திணித்தாள். "மீனம்மா, பின்னால ரொம்பப் போகாத. வெறகு வேணும்னா சொல்லு, நான் எடுத்தாந்து தாரேன்."

அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் யாரும் எங்கள் பின்பக்கம் வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். மாசமாக இருக்கிறவளிடம் பேசத் தகாத விஷயம் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். மாசக்காரியிடம் சாவுப் பேச்சு எடுப்பது குற்றம். நானும் கேட்கவில்லை.

குறுக்குமரம் முதலில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பன்றி முட்டியிருக்கும் என்று மாயாண்டி திரும்பக் கட்டினார். அடுத்த நாளும் சரிந்து கிடந்தது. ஈர மண்ணில் பன்றிக் கால் எங்கேயும் இல்லை. முட்டினால் மரம் உள்பக்கம் வர வேண்டும். இது மேலிருந்து யாரோ அமுக்கியது போலக் கொடி நைந்து, நேராகக் கீழே இறங்கியிருந்தது. அவர் மடியில் சேர்த்து வைத்திருந்த கம்பியால் இறுக்கிக் கட்டினார். கம்பியும் அறுந்தது.

"சனியன் புடிச்ச வேலி," என்றார். அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு கங்காணி என்னை மத்தியானத்தோடு அனுப்பிவிடுவார். எல்லோரும் கொழுந்து நிறுக்கப் போயிருக்கிற பின்னேரத்தில் லயத்தில் ஒரு குஞ்சு இருக்காது. பள்ளத்திலிருந்து பனி ஏறி வரும். முதலில் வேலி மறையும், பிறகு கோவாப் பாத்தி, பிறகு வாசல்படி. எதிரே நீட்டினால் என் கை மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் முதல் தடவை கேட்டேன்.

யாரோ நடந்து வந்தார்கள். வெறுங்கால். கனமான சுமையோடு நடக்கிறவரின் நடை. ஒவ்வொரு அடியும் மண்ணில் அழுந்தி அழுந்தி வந்தது. மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். யாரோ விறகுக்கட்டோடு வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நடை வேலியருகே நின்றது. மரத்தில் தொம்மென்று எதுவோ அமர்ந்தது.

சுமையை இறக்கினால் உடனே வாயிலிருந்து ஒரு சத்தம் வரும். "அப்பாடா" என்று வரும், அல்லது "முருகா" என்று வரும். யாரும் நினைத்துச் சொல்வதில்லை, தானாக வந்துவிடும். நான் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வரவில்லை.

மரம் கிரீச்சிட்டது. கட்டு அறுந்தது. பிறகு ஒரு முனகல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இறக்கிய சுமையையே திரும்பத் தூக்குகிற முனகல். நடை திரும்பியது, மெல்ல, முன்னைவிட மெல்ல, பள்ளத்துக்குள் இறங்கிப் போனது.

பள்ளத்தில் பாதை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

பயந்து கத்தியிருக்க வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை. ஐயோ பாவம், இறக்கி வைக்க முடியவில்லையே என்றுதான் தோன்றியது. உள்ளே போய் அரிசி களைந்தேன்.

அதன் பிறகு பனி இறங்கிய பின்னேரம் எல்லாம் வந்தது. தொம். கிரீச். முனகல். சில நாள் வாடையும் வரும். நனைந்த கம்பளி, பச்சைக் கொழுந்து. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. பிள்ளை பெற்ற அறையில் கதவைச் சாத்தி வைத்திருக்கும்போது வருகிற இரத்த வாடை. எனக்கு அது தெரியும். இரண்டு தடவை அந்த அறையில் கிடந்திருக்கிறேன்.

மாயாண்டியிடம் சொன்னேன்.

"பனியில எல்லாம் அப்படித்தான் கேக்கும்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அன்றிலிருந்து மலையில் வேலை முடிந்ததும் ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். ஆனாலும் பனி அவருக்கு முன்னால் வந்துவிடும்.

ஏழாம் மாதம் பிறந்தது.

அன்று அடுப்பெரிக்க விறகு இல்லை. நாகலெட்சுமி அக்கா மலையிலிருந்து இன்னும் வரவில்லை. பின்சுவரோரம் அடுக்கியிருந்த மிலாறு விறகில் ஒரு கை எடுத்து வரலாம் என்று கதவைத் திறந்தேன். பனி வாசல்படி வரை வந்திருந்தது. விறகை எடுத்து நிமிர்ந்தபோது நடை கேட்டது.

இந்தத் தடவை வேலியோடு நிற்கவில்லை.

குறுக்குமரம் விழுந்து கிடந்த இடைவெளியில் நுழைந்து, கோவாப் பாத்தி வரப்பில் வந்தது. பனிக்குள் ஓர் ஆள் உருவம் தெரிந்தது. தலையில் கம்பளி. முகம் தெரியாதபடி முன்னால் குனிந்து, கம்பளிக்கு உள்ளே எதையோ இரண்டு கையாலும் அடிவயிற்றோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

எனக்கு எட்டுகிற தூரத்தில் நின்றாள்.

மூச்சு வாங்கியது அவளுக்கு.

"தாயி," என்றாள். குரல் தொண்டைக்கு வெளியே வரவில்லை. "ஒரு கை குடு தாயி."

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்காரியாக இருந்தாலும், பேச்சு வார்த்தை இல்லாதவளாக இருந்தாலும், தலைச்சுமையோடு வருகிறவள் கை கேட்டால் மறுப்பதில்லை. தனியாக இறக்க முயன்றால் கழுத்து ஒடிந்துவிடும். அதனால் யார், என்ன என்று பார்க்கிறதற்கு முன்னாலேயே கை நீண்டுவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய கை.

என் கை நீண்டது. மிலாறு கீழே விழுந்தது.

அவள் கம்பளியை விலக்கிக் கொடுத்தாள். கையில் எதுவும் படவில்லை. பாரம் மட்டும் வந்தது. சில்லென்று, ஈரமாக, கொழுந்து நிறைந்த கூடையைவிடக் கனமாக வந்தது. உள்ளங்கையில் நிற்காமல் முழங்கைக்கு ஏறி, தோளுக்கு ஏறி, மார்பு வழியாக இறங்கி, என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது.

"அப்பாடா," என்றாள் அவள்.

அவ்வளவு நிம்மதியான குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

பனி விலகியபோது வரப்பில் யாருமில்லை. கோவா இலைகள் நசுங்காமல் இருந்தன.

அன்று மாயாண்டி வந்து குறுக்குமரத்தைத் தூக்கிக் கட்டினார். மறுநாள் அது சரியவில்லை. அதற்கு மறுநாளும் சரியவில்லை. வெறும் கொடிக்கட்டு, அசையாமல் நின்றது. "நம்ம கட்டு எப்படி?" என்று அவருக்கு மீசை மறுபடியும் முறுக்கிக்கொண்டது.

எனக்கு மட்டும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் நாகலெட்சுமி அக்கா என் நடையைப் பார்த்துவிட்டு, "என்னடி, இப்பவே நெறமாசக்காரி மாதிரி வர்ற?" என்று கேட்டாள். நானும் சாதாரணமாகத்தான் சொன்னேன். "பின்னேரம் ஒரு அக்கா வந்தாங்கக்கா. பள்ளத்துப் பக்கமா வந்தாங்க. கை கேட்டாங்க. குடுத்தேன்."

அவள் பாதையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூடை உருண்டு தேயிலைக்குள் போனது.

"குடுத்தியா?" என்றாள். "கை குடுத்தியாடி?"

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். எங்கள் லயத்திலேயே முன்வரிசைக் காம்பராவில் இருக்கிற அழகுமுத்து அண்ணனின் மனைவி பூரணி. போன மாசியில், நிறைமாதத்தில், கூடையோடு குறுக்குப்பாதையில் ஏறியவள் வளைவில் விழுந்தாள். லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாள் கிடந்தாள், பிள்ளை இறங்கவில்லை. வயிற்றோடு போய்விட்டாள். சுமைதாங்கி வைக்க அழகுமுத்துவுக்குக் கல் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, காட்டில் நல்ல மரமாகப் பார்த்து வெட்டி, மஞ்சள் பூசி, அதே வளைவில் நட்டான். லயத்துப் பெண்கள் தினமும் அதில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள். காற்றில் அது விழுந்தபோது அழகுமுத்து ஊரில் இல்லை. கல் கொத்துகிறவரைத் தேடிப் பூண்டுலோயாவுக்குப் போனவன், கல்லுக்குக் காசு சேரும் வரை அங்கேயே கூலி வேலையில் இருந்தான். நட்டவன் கையால்தான் எடுத்து நட வேண்டும் என்று மற்றவர்கள் தொடாமல் விட்டிருந்தார்கள்.

"ஒன் வீட்டுக்காரருகிட்ட எங்க வீட்டு மனுசன், நான் வேலியப் பாத்த அன்னைக்கே சொல்லிட்டாரு. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாராம். அழகுமுத்து வர்ற வரைக்கும் அசைக்கவும் பயம். நாங்க என்னடி பண்ணுவோம்? மாசக்காரிகிட்ட எப்படிச் சொல்லுவோம்?"

மாயாண்டிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஓடி ஓடி வந்திருக்கிறார். அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கூடையைத் தேடி எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் பெரட்டுக்குப் போனோம்.

சாயங்காலம் மாயாண்டியிடம், "எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னேன். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரிய மனிதர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

அழகுமுத்து அண்ணன் அதற்கடுத்த வாரமே கல்லோடு வந்துவிட்டார். பலகைக்கல் ஒன்று, குத்துக்கல் இரண்டு, மாட்டு வண்டியில். விஷயம் தெரிந்ததும் எங்கள் பின்பக்கம் வந்தார். ஒல்லியான மனிதர். சண்டைக்கு வருகிறார் என்று மாயாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர் வேலியைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அவ வந்தாளாம்மா?"

"வந்தாங்கண்ணே."

"கை கேட்டாளா?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

அவர் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையும் எடுத்து என்னைக் கும்பிட்டார்.

"நெனச்சேன். பூண்டுலோயாவுல படுத்திருந்தேன், கனவுல வந்தா. இத்தன நாளும் வயித்தப் புடிச்சிக்கிட்டேதான் வருவா. அன்னைக்கு வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தா. வயிறு ஒட்டிக் கெடந்துச்சு. சிரிச்சாம்மா. நீ நல்லா இருக்கணும், மகராசியா இருக்கணும்."

நாகலெட்சுமி அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. சந்தோஷத்தில் இருந்த மனிதருக்கு எப்படிப் புரியும்?

வேலியிலிருந்து மரங்களை அவர் கையாலேயே பிடுங்கி, ஓடையில் விட்டார். வளைவில் கல் நின்றது. பொங்கல் வைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். பூசாரி எனக்கு விபூதி போட்டு, எல்லாம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்றார். கல்லின்மேல் என் கூடையை இறக்கி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குள்ளிருந்து ஒரு மூச்சும் வரவில்லை.

ஏழாம் மாதம் தாண்டியது. எட்டும் தாண்டியது. மாயாண்டி ஒவ்வொரு விடியலிலும் என் வயிற்றில் காதை வைத்துப் பார்ப்பார். "துள்ளுதுடி," என்பார். துள்ளியது உண்மை. வலப்பக்கம் சூடாக ஒன்று துள்ளும். இடப்பக்கம் இன்னொன்று அசையாமல் கிடக்கும். குளிர்ந்த தண்ணீர்ப் பானையை இடுப்பில் வைத்தது போல இருக்கும். மருத்துவச்சி வீரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "ரெட்டைப் புள்ள, சந்தேகமே இல்ல," என்றாள். 

கார்த்திகை மழையில், பட்டப்பகலில் வலி கண்டது. விளக்கு வைப்பதற்கு முன்னால் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழுதது. மூன்று தடவை பிள்ளை சுமந்து, முதல் தடவையாக ஒரு பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. இரண்டாவதற்கு வராததும் சேர்ந்து வந்தது. வெளியே மாயாண்டி கற்கண்டுப் பொட்டணத்தைப் பிரித்துக்கொண்டு லயம் முழுக்க ஓடுகிற சத்தம் கேட்டது.

வீரம்மா நஞ்சுக்கொடியை எடுத்துவிட்டு என் வயிற்றைத் தடவினாள். கை நின்றது.

"இன்னொண்ணு இருக்கு. முக்கு, தாயி."

முக்கினேன். வெளியே இருட்டும் வரை முக்கினேன். எதுவும் வரவில்லை. தோட்டத்து டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் குழல் வைத்துப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை, வயிற்றுச் சதை இறுக நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீரம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, கொடுத்த வெற்றிலையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

பிள்ளைக்கு இப்போது தலை நிற்கிறது. ஆளைக் கண்டால் சிரிக்கிறது. மாயாண்டி அதைத் தூக்கிக்கொண்டு லயம் சுற்றுகிறார். என் வயிறு அப்படியேதான் இருக்கிறது. இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கைக் கொஞ்சம் தளரக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறேன். பார்க்கிறவர்கள் அடுத்தது தங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். தெரிந்தவர்கள் பார்ப்பதில்லை.

இன்று காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டேன். நல்ல வெயில். இரண்டு ஆட்டு ஆட்டியதும் தூங்கிவிட்டது. தொட்டில் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

இடப்பக்கம், உள்ளேயிருந்து, ஓர் உதை.

இத்தனை நாளும் அசையாமல் கிடந்தது. இப்போது சில்லென்று, பலமாக, இன்னொரு உதை. தொட்டிலில் பிள்ளை திடுக்கிட்டுச் சிணுங்கியது.

நான் இடுப்பில் கையை வைத்து அழுத்தினேன்.

"சும்மா இரு," என்று மெல்லச் சொன்னேன். "தங்கச்சி தூங்குது."

உதை நின்றது.